எழுபத்தொரு கிலோ நானூறு கிராம்

மதிப்புக்கும் சற்றே அச்சத்துக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு ஒருவர் நீங்கலாக அனைவரும் நலம். அந்த ஒருவரும், இன்று காலை டாக்டர் சொன்னபடி, நலத்தின் திசையில்தான் இருக்கிறார். அவர் தங்கள் மகன் என்பதால் விரித்து எழுதுகிறேன். தங்கள் நலத்தையும், தங்கள் மனைவியாரின் கோபம் இப்போது எந்த அளவில் இருக்கிறது என்பதையும் அறிய ஆவல்.

கடந்த மாதம் எட்டாம் தேதி, காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, தீர ஆலோசித்து, யாருடைய வற்புறுத்தலுக்கும் ஆட்படாமல், எங்கள் வீட்டு எடை மெஷினைக் குளியலறையிலிருந்து கூடத்துக்கு மாற்றுவது என்று நான் முடிவெடுத்தேன். என் மனைவி, மகள், தங்கள் மகன் ஆகிய மூவரும் அப்போது கூடத்தில் இருந்தார்கள். முடிவை அறிவித்தேன். எதிர்ப்பு எதுவும் எழவில்லை. "அந்த மூலையில வைங்க, நடுவுல வெச்சா கால் இடிக்கும்" என்று மட்டும் என் மனைவி சொன்னாள். காரணம் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. ஆனாலும் சொன்னேன். குளியலறைத் தரை தண்ணீர் வடிவதற்காகச் சாய்த்துக் கட்டப்பட்டது. சாய்ந்த தரையில் வைத்த கருவி, எழுபது கிலோ மனிதரை நாற்பது கிராம் குறைத்துக் காட்டும். எடை அளவுத் துறையில் முப்பத்தோரு வருடம் முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் வீட்டிலேயே மாப்பிள்ளைக்குத் தினமும் நாற்பது கிராம் நஷ்டம் என்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

தாங்கள் அனுப்பிய கடிதத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. 'எங்கள் பையனை என்ன செய்தீர்கள்?' இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லலாம்: எடை போட்டேன். அந்த ஒரு வரி போதாது என்று என் மனைவி சொல்கிறாள்.

தங்கள் மகன் ஓடுவார் என்பது கல்யாணத்துக்கு முன்பே எங்களுக்குத் தெரியும். படிப்பு, வேலை, குடும்பம் எல்லாவற்றையும் விசாரித்த நாங்கள் தூரத்தை விசாரிக்காமல் விட்டுவிட்டோம். காலையில் பூங்காவை நாலு சுற்று சுற்றிவிட்டு வந்து பேப்பர் படிப்பார் என்று நினைத்தோம். லிப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறவர் எந்தக் கட்டடத்திலும் லிப்டில் ஏறாமல் படியில் போவதைப் பார்த்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். உள்விவகாரம் தெரிந்தவர், ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்து நானும் ஆறு மாதம் படியில் ஏறினேன். முதல் வருடம் நாற்பது கிலோமீட்டர் என்றார். அடுத்த வருடம் நூறு. மூன்றாம் வருடம் ஒரு முழு நாள். இந்த வருடம் எழுபத்திரண்டு மணி நேரம், ஒரு பூங்காவைச் சுற்றி. அதற்குள் யார் அதிக தூரம் போகிறாரோ அவருக்கு வெற்றி. கடைசியில் எங்கே போய்ச் சேர்வீர்கள் என்று கேட்டேன். "எங்கயும் போகல மாமா, கிளம்பின இடத்துக்கேதான் வரணும்" என்றார். "அதுக்குக் கிளம்பாமயே இருந்துடலாமே" என்றாள் என் மனைவி. அந்தப் பந்தயத்தைப் பற்றி எங்கள் வீட்டில் சொல்லப்பட்ட ஒரே அறிவுள்ள வாக்கியம் அதுதான். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

மெஷின் கூடத்துக்கு வந்த பிறகு காரியங்கள் ஒழுங்காக நடக்க ஆரம்பித்தன. தங்கள் மகன் தினமும் காலையில் ஏறி நிற்பார், நான் குனிந்து பார்ப்பேன், அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டுவேன். மாமனாரும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்ள என்ன இருக்கிறது என்று உலகம் கேட்கும். எங்களுக்கு எழுபத்தொரு கிலோவுக்கு மேலே இருக்கும் கிராம்கள் இருந்தன. அப்போதுதான் பந்தய அமைப்பாளர் வீட்டுக்கு வந்தார். கழுத்தில் சதா ஒரு விசில் தொங்குவதால் அவரை எல்லோரும் விசில் என்றே கூப்பிடுகிறார்கள். அவரும் திரும்பிப் பார்க்கிறார். சுவரில் இருந்த அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஐயா, உங்கள மாதிரி ஒரு ஆளத்தான் தேடிட்டிருக்கேன். பன்னெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எல்லாரையும் நிறுத்தி எடை பாக்கணும். அஞ்சு சதவீதத்துக்கு மேல குறைஞ்சா வெளிய அனுப்பிடணும். நீங்க சொன்னா சொன்னதுதான், எதிர்த்துப் பேச முடியாது" என்றார். "கூடினால்?" என்று கேட்டேன். விசிலை வாயில் வைத்து யோசித்துவிட்டு எடுத்தார். "ஓடறவன் எப்படிங்க கூடுவான்?"

ஓய்வு பெற்று நாலு வருடமாக என்னை எதிர்த்துப் பேசக் கூடாத நிலையில் யாரும் இருந்ததில்லை, சம்பந்தி. ஒப்புக்கொண்டேன்.

பந்தயத்துக்கு முந்தின நாள் எங்கள் வீட்டு மெஷினையே கொண்டுபோனேன். பூங்காவில் தரை சமமான இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அங்கே ஒரு தம்பதி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நிலைமையை விளக்கி எழுப்பினேன். ரசமட்டம் வைத்துப் பார்த்து, படிக்கல் வைத்துச் சரிபார்த்து, மேசை போட்டு உட்கார்ந்தேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு இருபத்தாறு பேர் ஓட ஆரம்பித்தார்கள். கிளம்பும்போது தங்கள் மகன் எழுபத்தொரு கிலோ நானூறு கிராம். அங்கே பந்தய டாக்டர் என்று ஓர் அம்மாள் இருந்தார், பேச்சில் சுருக்கமானவர். "எடை ஏற ஆரம்பிச்சாலும் எனக்குச் சொல்லுங்க சார்" என்றார். சரி என்றேன். சொன்னேனே ஒழிய மனத்துக்குள் அதை ஒரு ஓரமாகத்தான் வைத்தேன். எங்கள் துறையில் குறைவுதான் குற்றம். ஒரு கிலோ மூட்டையில் ஒரு கிலோவுக்கு மேல் இருந்ததற்காக முப்பத்தோரு வருடத்தில் நான் ஒருவர் மேல்கூட வழக்குப் போட்டதில்லை.

பன்னிரண்டு மணி நேரத்தில் எழுபது கிலோ நூறு. இருபத்துநாலில் அறுபத்தொன்பது அறுநூறு. கொஞ்சம் கவலையாக இருந்தது. முப்பத்தாறில் எழுபது முந்நூறு, நிமிர்ந்து உட்கார்ந்தேன். நாற்பத்தெட்டில் எழுபத்தொன்று. அறுபதாவது மணி நேரம், மாலை ஆறு மணிக்கு, தங்கள் மகன் வந்து ஏறி நின்றார். எழுபத்தொரு கிலோ நானூறு கிராம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். இறங்கச் சொல்லி ஏறச் சொன்னேன். அதே நானூறு. இரண்டரை நாள், இருநூற்றெழுபது கிலோமீட்டர் ஓடிய ஒரு மனிதர் ஒரு கிராம்கூட வீணாக்காமல் திரும்பி வந்திருக்கிறார். அப்படி ஒரு பொருத்தத்தை என் உத்தியோக வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை. டாக்டரம்மாள் கேட்டது எடை ஏறினால். இது ஏறவில்லை, திரும்பி வந்திருக்கிறது. ஆகவே அவரைக் கூப்பிடவில்லை.

என் மகளைப் பற்றித் தங்களுக்குத் தெரியும். தையற்கடை வைத்திருப்பவள், பூங்காவுக்கும் கழுத்தில் அளவு நாடாவோடுதான் வந்திருந்தாள். இரண்டு நாளாக அவருடைய அரைக்கால் சட்டையைப் பிடித்துப் பிடித்துத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அது இடுப்பில் நிற்கவில்லை. ஆனால் ஷூவின் முன்பக்கத்தைக் கத்திரியால் வெட்டித் திறந்திருந்தாள்; பாதம் உள்ளே போகவில்லை. கைக்கடிகாரத்தின் வாரை இரண்டு துளை தளர்த்தியாயிற்று, கன்னமோ இரண்டு பக்கமும் உள்ளே போயாயிற்று. இடுப்பில் போனது காலில் வந்திருக்கிறது, கூட்டிக் கழித்தால் சரியாக வருகிறது என்றேன். அவள் மண்டியிட்டு உட்கார்ந்து நாடாவால் அளந்தாள்.

"அப்பா, இடுப்பு ரெண்டு அங்குலம் குறைஞ்சிருக்கு. தொடை ஒரு அங்குலம் போச்சு. கணுக்கால் ஒன்றரை அங்குலம் ஏறிருக்கு. இவர நிறுத்துங்கப்பா."

"நாடா துணி நாடா. ஈரம் பட்டா இழுபடும். கடைசியா எப்ப சரிபார்த்தே? முத்திரை எங்க?"

"நாடாவ விடுங்க. அவர் மூஞ்சியப் பாருங்க."

"முகத்துக்கு அலகு கிடையாதும்மா" என்றேன்.

இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. ஒரு தகவலாகத்தான் சொன்னேன். அவள் என் மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, "நான் சொன்னா அவர் கேக்க மாட்டார், விசில் கேக்க மாட்டார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா நிறுத்திடுவாங்க. ஒரே ஒரு வார்த்தைப்பா" என்றாள். தங்கள் மகன் நின்றபடியே ஆடிக்கொண்டு, "மாமா, சரியா இருக்கா?" என்று கேட்டார். "கிராம் சுத்தமா இருக்கு மாப்பிள்ளை" என்றேன். அவர் சிரித்தார். 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போய்விட்டார்.

ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, ஊஞ்சல்களுக்குப் பக்கத்தில் நின்று, "லிப்ட் கதவு தொறந்திருக்கு, கீழ பெட்டி இல்ல, யாரும் காலெடுத்து வைக்காதீங்க" என்று கத்தியிருக்கிறார். வழியில் வந்த மூன்று பேரைத் தடுத்து நிறுத்திக் காப்பாற்றிவிட்டு, பூச்செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. விசில் அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தேவை இருந்து ஊதினார். ஆஸ்பத்திரியில் சிறுநீர் தேயிலைத் தண்ணீர் நிறத்தில் வந்தது. சதை உடைந்து ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்திருக்கிறது என்றார்கள். நான் கையோடு கொண்டுபோயிருந்த பதிவேட்டைக் காட்டினேன். தொடங்கும்போது எழுபத்தொன்று நானூறு, அறுபது மணி நேரத்தில் எழுபத்தொன்று நானூறு, ஒன்றும் குறையவில்லையே என்றேன். அங்கே இருந்த பெண் டாக்டர் பதிவேட்டை நிதானமாகப் படித்தார்.

"சார், கொழுப்பு ஒரு ரெண்டு கிலோ போயிருக்கும். சதை ஒரு கிலோ. தண்ணி மூணு கிலோ உள்ள தங்கிடுச்சு. ரெண்டும் ஒண்ணும் மூணு. மூணு போச்சு, மூணு வந்துச்சு. உங்க மெஷின் சைபர்னு காட்டும். அதுக்கு எது கொழுப்பு, எது சதை, எது தண்ணினு எப்படித் தெரியும்?"

இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு பஞ்சு வியாபாரி என் அலுவலகத்துக்கு ஒரு பொதியைத் தூக்கிக்கொண்டு வந்தார். தண்ணீர் தெளித்து அனுப்பியிருக்கிறார்கள் ஐயா, பஞ்சு பாதி, தண்ணீர் பாதி என்று அழுதார். தராசில் வைத்துப் பார்த்தேன். எடை சரியாக இருந்தது. எடை சரியாக இருந்தால் எங்கள் வேலை முடிந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்பது வேறு துறை என்று சொல்லி அனுப்பினேன். அவர் முகம் எனக்கு இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட ஞாபகம் வந்ததில்லை. அந்தப் பெண் டாக்டர் சைபர் என்றதும் வந்தது. அவரைத் தேடிப் போய் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை, பொதி இப்போது இருக்காது.

ஆஸ்பத்திரியில் எல்லாம் தலைகீழ். தினமும் காலையில் எடை பார்க்கிறார்கள், எழுநூறு கிராம் குறைந்தால் சந்தோஷப்படுகிறார்கள், ஒரு கிலோ குறைந்தால் நர்ஸ் எல்லோருக்கும் சொல்லிவிட்டு வருகிறார். தண்ணீர் வடிகிறதாம். வடிய வடியத்தான் தங்கள் மகனில் உண்மையாக எவ்வளவு மிச்சம் என்று தெரிய ஆரம்பித்தது. அந்தச் சமயம் பார்த்துத்தான் தங்கள் மனைவியார் போனில் முகம் பார்த்துப் பேசினார். "ஐயோ, என் பிள்ளையில பாதியக் காணோமே!" என்றார். பாதி இல்லை, நாலு புள்ளி இரண்டு சதவீதம்தான், அனுமதிக்கப்பட்ட ஐந்துக்குள்தான் இருக்கிறது என்று அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னேன். அவர் போனைத் தங்களிடம் கொடுத்துவிட்டார். தாங்கள் அதை அணைத்துவிட்டீர்கள். அதன் பிறகுதான் அந்த ஒரு வரிக் கடிதம் வந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் வீட்டில் அவர்களுக்காக ஓர் அறை தயாராக இருக்கிறது, கட்டில் போட்டாயிற்று, சன்னலுக்கு வலை அடித்தாயிற்று என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிவருகிறீர்கள். நாலு வருடமாக நானும் ஏதாவது காரணம் சொல்லி அவர்களை எங்கள் மாடியிலேயே நிறுத்திவைத்திருக்கிறேன். முதலில் அவருடைய வேலை, அப்புறம் அவளுடைய கடை, அப்புறம் மழை. என்னிடம் இப்போது காரணம் எதுவும் கைவசம் இல்லை. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுச் சனிக்கிழமை அவர் வீட்டுக்கு வந்தார். அவருக்கு என்மேல் வருத்தமே இல்லை. "மாமா, அறுபது மணி நேரத்துல ஒரு கிராம் மாறலைல்ல?" என்று பெருமையாகக் கேட்கிறார். அவர் அப்படிக் கேட்கும்போதெல்லாம் என் மகள் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். அவள் என்னோடு பேசுவதில்லை. தேவையான செய்திகள் அவள் அம்மா வழியாக வருகின்றன. "சாப்பிட வரச் சொன்னா" என்பது போன்றவை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் நேராக வந்து பேசினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், அவள் நின்றாள். "நான் கேட்டப்ப நீங்க மெஷினத்தான் பாத்தீங்க. சரி. ஒண்ணு, மெஷின் தப்புனு எழுதிக் குடுங்க. இல்ல, நீங்க செஞ்சது தப்புனு எழுதிக் குடுங்க. ரெண்டுல எதுன்னாலும் சரி, நான் அத்தோட விட்டுடறேன். ரெண்டுமே சரியா இருந்துச்சுனு சொல்ற வீட்ல என்னால இருக்க முடியாதுப்பா." மூன்று நாள் கெடு.

என் மனைவி, "இதுல யோசிக்க என்னங்க இருக்கு? பெத்த பொண்ணுகிட்ட தப்புனு சொல்றதுக்கு என்ன, வாய் வலிக்குமா?" என்கிறாள். வாய் வலிக்காது. ஆனால் விதியில் எது எழுதியிருந்ததோ அதன்படிதான் நான் நடந்தேன். விதிப்படி நடந்த ஒருவன் தன்னைத் தப்பு என்று எப்படி எழுதுவான், எந்த விதியின் கீழ் எழுதுவான்? இரண்டு நாள் தூங்கவில்லை, சம்பந்தி. நான் கையெழுத்துப் போட்ட கருவி தப்பாக இருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு காலம் தள்ளியவன், இப்போது எப்படியாவது தப்பாக இருந்து தொலையட்டுமே என்று அந்த மூலையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். பழைய மெஷின், பூங்காவுக்குக் கொண்டுபோகையில் ஆட்டோவில் குலுங்கியிருக்கும், ஸ்பிரிங் நகர்ந்திருக்கும், புல்தரையில் ஒரு கால் அமுங்கியிருக்கும், ஆயிரம் இருக்கிறதே. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். அதைத் தங்கள் முன்னிலையில், எழுத்தில் வைக்கிறேன்:

மேற்படி பந்தயத்தின் அறுபதாவது மணி நேரத்தில் பயன்படுத்தப்பட்ட எடைக் கருவியில் பிழை இருந்தது என்றும், அது உண்மை எடையைக் காட்டத் தவறியது என்றும், அதனாலேயே போட்டியாளர் நிறுத்தப்படவில்லை என்றும், முத்திரை ஆய்வாளர் (ஓய்வு) ஆகிய நான் இதன் மூலம் சான்றளிக்கிறேன்.

இதன் நகலை இன்று மத்தியானம் மகள் கையில் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். மடித்தாள். "சரிப்பா, சாப்பிட வாங்க" என்றாள். அவள் வாயாலேயே சொன்னாள். மாடியில் எடுத்து வைத்திருந்த பெட்டிகளை மறுபடி பரணில் ஏற்றும் சத்தம் கேட்டது. ஆகவே தாங்கள் அறையைப் பற்றி இப்போதைக்கு அவசரப்பட வேண்டாம், வண்டி எதுவும் அனுப்ப வேண்டாம், மழையும் வரும்போல இருக்கிறது என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் மனைவியாருக்கு என் வணக்கத்தையும், அவர் ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு என் வருத்தத்தையும் தெரிவிக்கவும். தங்கள் இளைய மகனுக்கு என் ஆசிகள். அவர் எந்த விளையாட்டிலும் சேராமல் நீடூழி வாழ வேண்டும். தங்கள் வீட்டில் அனைவரும் எடையும் குறையாமல், உள்ளடக்கமும் மாறாமல் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்கு இன்னமும் ஆசைப்படும்
சம்பந்தி

பின்குறிப்பு: சான்று என்றால் அதற்கு ஆதாரம் இணைக்க வேண்டும். உறையை ஒட்டுவதற்கு முன் அந்தப் பழக்கத்தால் மெஷினை எடுத்துக்கொண்டு என் பழைய அலுவலகத்துக்குப் போனேன். என் இடத்தில் இப்போது இருப்பவர் சின்ன வயது, கெட்டிக்காரர். தரப் படிக்கற்களை வைத்து ஐம்பது, அறுபது, எழுபது, எண்பது கிலோக்களில் மும்மூன்று தடவை பார்த்தார். பிழை எதுவும் இல்லை. "இப்படி ஒரு மெஷின நான் பாத்ததே இல்ல சார்" என்று சொல்லி அறிக்கையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அறிக்கையை இத்துடன் இணைத்துள்ளேன். எனவே மேலே உள்ள சான்று ரத்து செய்யப்படுகிறது. அதைத் தாங்கள் படிக்காததாகக் கருதவும். மகளிடம் கொடுத்த நகலையும் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏன் என்று கேட்டாள், அறிக்கையைக் காட்டினேன். அப்படியென்றால் மற்றதை எழுதிக் கொடுங்கள் என்று பேனாவை எடுத்துக் கொடுத்து, கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றாள். அவர்கள் இருவரும் ஏறிய பஸ் நாளைக் காலை ஐந்து நாற்பதுக்குத் தங்கள் ஊர் வந்து சேரும். பெட்டிகள் மூன்று, தையல் மெஷின் ஒன்று.